பணமும் கையெழுத்தும் கடைசியில்: கொழும்பில் சிக்கலான காணி உறுதிகளை எழுதும் ஒழுங்கு

கொழும்பின் நீதிமன்றப் பகுதியான புதுக்கடையில் என்னிடம் தொழில் பழக வந்த இளம் சட்டத்தரணிகள் சட்டம் தெரியாமல் தடுமாறியது குறைவு. வரிசையைக் குழப்பித் தடுமாறியதே அதிகம். காணிப் பதிவேட்டுத் தேடுதல் முடியுமுன் உறுதியை வரைந்துவிடுவார்கள். வரைந்த பிறகுதான் வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். மேல்மாடியில் வாடகைக்காரர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியவரும். அதற்குள் முற்பணம் கைமாறியிருக்கும், வாங்குபவர் பழைய வீட்டையும் விற்றிருப்பார்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பது, ஒருவர் பெயரில் உறுதி இருந்தும் பலருக்குப் பங்கு இருப்பது, வங்கி ஈடு தீராமல் இருப்பது, கட்டடத்துக்கு அனுமதி அரைகுறையாக இருப்பது: இவற்றில் இரண்டு ஒரே கோப்பில் சேர்ந்தால் அதைச் சிக்கலான கோப்பு என்கிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைக் கோப்புகளில் மூன்று சேர்ந்து வருவதும் உண்டு. அப்படியான கோப்பை நான் எடுத்துச் செல்லும் ஒழுங்கு கீழே.

1. கோப்பைத் திறக்குமுன்: யாருடைய சட்டத்தரணி நீங்கள்?

முதலில் கட்சிக்காரர் யார் என்று முடிவெடுங்கள். தரகர் அழைத்து வருவார். விற்பவரும் வாங்குபவரும் ஒன்றாக வந்து அமர்வார்கள். "நீங்களே ரெண்டு பேருக்கும் பார்த்துச் செய்யுங்கோ தம்பி" என்பார்கள். செலவு மிச்சம் என்று எல்லோருக்கும் தோன்றும். உரித்தில் ஓட்டை தெரிந்த கணமே அதை வாங்குபவரிடம் சொல்வதா, விற்பவருக்காக மூடி வைப்பதா என்ற இடத்தில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் எப்போதும் வாங்குபவர் பக்கம் நிற்பேன். விற்பவருக்குத் தனியாக ஆலோசனை பெறும்படி எழுத்தில் சொல்லி, அவருடைய கையெழுத்தையும் வாங்கி வைப்பேன். ஒரு பக்கக் கடிதம் போதும்: எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன், கட்டணம் எவ்வளவு, முத்திரைத் தீர்வையை யார் கட்டுவது. பின்னர் "நீங்கள் சொல்லவில்லையே" என்ற பேச்சு வரும்போது இந்த ஒரு பக்கம்தான் பதில் சொல்லும்.

அடுத்தது உங்கள் அதிகாரம். நொத்தாரிசு அனுமதிப்பத்திரம் எந்த நியாயாதிக்கத்துக்கு, எந்த மொழிக்கு என்று குறிப்பிட்டே தரப்படுகிறது. தமிழில் மட்டும் அனுமதி உள்ளவர் ஆங்கில உறுதியை அத்தாட்சிப்படுத்த முடியாது. வங்கி ஆங்கிலத்தில்தான் கேட்கிறது என்பதற்காக அந்தக் கோட்டைத் தாண்ட நினைக்காதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்போதே கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், காணி வாங்கல் விற்றலில் ஈடுபடும் சட்டத்தரணியும் நொத்தாரிசும் கட்சிக்காரரை உரியபடி அறிந்துகொள்ளவும் ஆவணங்களைப் பேணவும் கடமைப்பட்டவர்கள். சந்தேகம் எழுந்தால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்ததைக் கட்சிக்காரரிடம் சொல்லவும் கூடாது. கையெழுத்து நாளில் பயணப் பையில் காசு வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் வாய் வராது. அதனால்தான் இது முதற்படியில் இருக்கிறது.

2. கைக்கு வர வேண்டியவை

இவை முழுதாக வந்து சேருமுன் உறுதி வரைவில் கை வைக்காதீர்கள்:

விற்பவரின் மூல உறுதி, அதற்கு முந்திய உறுதிகள், நில அளவைப் படம். மாநகர சபையின் வீதி எல்லைச் சான்றிதழ், காணி சபையின் கைக்குப் போகவில்லை என்று காட்டும் நொன்-வெஸ்டிங் சான்றிதழ், உரிமைச் சான்றிதழ், கடைசி வரிப் பற்றுச்சீட்டு. கட்டட அனுமதியும், அதன்படி கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழும். இரு தரப்பு அடையாள அட்டைகள், விவாகப் பதிவுகள், இறந்தவர் இருந்தால் மரணச் சான்றிதழ்.

மூல உறுதி இல்லை, போட்டோப் பிரதி மட்டும் இருக்கிறது என்றால் அங்கேயே நில்லுங்கள். மூல உறுதி வங்கியில் இருக்கலாம், வட்டிக்குக் கொடுத்தவரிடம் இருக்கலாம், இன்னொரு வாங்குபவரிடமே இருக்கலாம். "தொலைந்துவிட்டது" என்பவரிடம் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் சத்தியக்கடதாசியையும் கேளுங்கள். அவை கிடைத்தாலும் தேடுதலை இருமடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

3. ஆளைப் பார்த்தல்

போலி உறுதி என்றதும் எல்லோரும் காகிதத்தைப் பார்க்கிறார்கள். மோசடியில் பெரும்பாலும் உறுதி அசல்தான், எதிரில் இருக்கும் ஆள்தான் போலி. உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில், காணி வெறுமையாக, வரி மட்டும் யாரோ கட்டிவருவதாக இருந்தால் உங்கள் காது விறைக்க வேண்டும்.

பழைய அடையாள அட்டை இலக்கம் உங்களுக்கு உதவும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1974இல் காணி வாங்கியவர் என்று வந்து நிற்பவரின் அட்டை 63 என்று தொடங்கினால், பதினொரு வயதில் வாங்கினாரா என்று கேளுங்கள். பெண்ணின் இலக்கத்தில் அந்த மூன்று இலக்கம் 500க்குக் கீழே இருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை.

பெயர் வேறுபாடு எங்கள் ஆட்களுக்கே உரிய தலையிடி. உறுதியில் தகப்பன் பெயர் முன்னால், அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் எல்லாம் தலைகீழ். சிங்களத்தில் எழுதியதை ஆங்கிலத்துக்குத் திருப்பியபோது ஓர் எழுத்து வேறு மாறியிருக்கும். இதை "சின்ன விஷயம்" என்று விட்டால் அடுத்த விற்பனையில் வங்கியின் சட்டத்தரணி அதையே பிடித்துக்கொள்வார். இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியை இப்போதே எடுத்து, உறுதியிலும் இரண்டு பெயர்களையும் குறிப்பிடுங்கள்.

அற்றோர்னித் தத்துவத்தில் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரத்தில்) வரும் விற்பனையில் நான்கைப் பார்க்கிறேன். பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியப்பட்டதா? காணியை விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது "பராமரிக்க" மட்டுமா? இரத்துச் செய்யப்பட்டதா? தந்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? தந்தவர் இறந்தால் தத்துவமும் அதோடு போய்விடும். தொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் நானே பேசுவேன்; விலையை அவர் வாயால் சொல்லக் கேட்பேன். முகவர் சொன்ன விலையும் உரிமையாளர் சொன்ன விலையும் வெவ்வேறாக இருந்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்குபவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரா என்பதையும் இங்கேயே கேட்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் முழுப் பணமும் கையெழுத்துக்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். "அண்ணா இஞ்சத்த ஆள்தானே" என்பது பதிலாகாது. கடவுச்சீட்டைப் பாருங்கள்.

4. எந்த ஆள்சார் சட்டம்?

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. கொழும்பில் காணி என்றதும் பொதுச் சட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை மண்ணோடு மட்டும் நிற்பதில்லை, வடமாகாண வாசியான தமிழரோடு கூடவே வரும். பருத்தித்துறையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வீடு வாங்கிய தம்பதியின் சொத்துக்கும் அது பொருந்தலாம்.

ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: எந்த ஊர், பெற்றோர் எங்கே, எப்போது திருமணம், வீட்டை வாங்கியது திருமணத்துக்கு முன்பா பின்பா, எந்தப் பணத்தில்? மலையகத் தமிழருக்கோ மட்டக்களப்புத் தமிழருக்கோ தேசவழமை பொருந்தாது. அதற்கு உட்பட்ட பெண், உட்படாத ஒருவரை மணந்தால் அந்த மண வாழ்வுக் காலத்தில் அவர் தேசவழமைக்கு வெளியே, மறுபக்கமும் அப்படியே.

ஏன் இவ்வளவு கேள்வி? 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை உயிரோடிருக்கையில் கைமாற்ற, கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சீதனக் காணியானாலும் அப்படித்தான். இந்தச் சம்மதம் இல்லாத உறுதிகளை நான் எண்ணிக் களைத்துவிட்டேன். இன்றைக்கு இப்படி ஒரு விதி இருக்கலாமா என்பது வேறு வாதம். அது உள்ளவரை உங்கள் உறுதியில் கணவரின் கையெழுத்து இருக்க வேண்டும்.

தேடியதேட்டம், அதாவது மண வாழ்வில் தேடிய சொத்து, இன்னும் சிக்கல். 1947 திருத்தத்துக்குப் பிறகு மற்றத் துணையின் பங்கு எப்போது, எப்படி எழுகிறது என்பதில் தீர்ப்புகள் ஒரே குரலில் பேசவில்லை. அந்த வாதத்தை உங்கள் கட்சிக்காரரின் செலவில் நடத்த வேண்டாம். உறுதி யார் பெயரில் இருந்தாலும் கணவன் மனைவி இருவரையும் கையெழுத்திட வையுங்கள். ஒருவர் இறந்திருந்தால் அவருடைய உரித்தாளர்கள் எல்லோரையும் சேருங்கள்.

விற்பவர் முஸ்லிம் என்றால் வழியுரிமைப் பங்குகள் வேறு. வயது குறைந்த உரித்தாளர் இருந்தால் மாவட்ட நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவருடைய பங்கை விற்க முடியாது. தாய் கையெழுத்திட்டால் போதும் என்ற நினைப்பு வேண்டாம்.

5. உரித்துத் தொடரை வாசித்தல்

காணிப் பதிவகத்துக்கு எழுதுவினைஞரை மட்டும் அனுப்பாதீர்கள். முதல் பத்துக் கோப்புகளுக்காவது நீங்களே போய்ப் பக்கங்களைப் புரட்டுங்கள். அதற்கு முன் எந்தப் பதிவகம் என்று உறுதிசெய்யுங்கள். கொழும்பு மாவட்டத்தில் டெல்கந்த, ஹோமாகம என்று தனிப் பதிவகங்கள் உண்டு.

முப்பது ஆண்டுத் தேடுதல் வழக்கம். நான் அதில் நிறுத்துவதில்லை. முப்பதாவது ஆண்டில் நிற்கும் ஆவணம் நன்கொடை உறுதியாகவோ மரணசாதனமாகவோ இருந்தால் அதற்கு முந்திய ஒரு விற்பனை உறுதி வரை போவேன். பழைய கொழும்புக் காணிகளில் பேரப்பிள்ளைகள் வரை கட்டிப்போடும் நிபந்தனைகள் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும். 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அவற்றை ஒழித்தது என்றாலும், எந்தத் தலைமுறையில் யாருக்கு முழு உரித்து வந்தது என்பதை நீங்கள்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.

பதிவேட்டுப் பக்கம் நிரம்பினால் இன்னொரு தொகுதிக்குக் கொண்டுசெல்லப்படும். அந்தச் சிறு குறிப்பைத் தவறவிட்டால் பின்னர் பதிந்த ஈடு கண்ணில் படாது. நானே ஆரம்பத்தில் ஒருமுறை தவறவிட்டேன். கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்னர் மூத்த எழுதுவினைஞர் ஒருவர் கவனித்ததால் தப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் "எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது" என்று தாளில் அம்புக்குறி போட்டு வரைகிறேன்.

பக்கத்தில் ஏறாத ஆவணங்களும் உண்டு. நேற்று ஒப்படைத்தது பதிவகத்தின் அன்றாட வரவு ஏடான நாளேட்டில் மட்டும் இருக்கும். அதனால் நாளேட்டைப் பாருங்கள். கையெழுத்து நாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள். முதல் தேடுதலுக்கும் கையெழுத்துக்கும் இடையில் ஆறு வாரம் போயிருக்கலாம். காணியை விற்கவிடாமல் தடுக்கும் ஒரு முடக்கக் கட்டளை பதிய ஒரு நாள் போதும்.

பங்குகளைக் கூட்டுங்கள். கூட்டினால் ஒன்று வர வேண்டும். பொதுச் சட்டத்தின் கீழ் தகப்பன் மரணசாதனம் இல்லாமல் இறந்தார் என்று வைப்போம். தாய்க்கு அரைப்பங்கு, மூன்று பிள்ளைகளுக்கு ஆறிலொன்று வீதம். தாயும் இரண்டு பிள்ளைகளும் கையெழுத்திட்டு "முழுக் காணியும்" என்று ஓர் உறுதி எழுதப்பட்டிருக்கும். கனடாவுக்குப் போன கடைசி மகனின் ஆறிலொன்று திறந்தபடியே கிடக்கும். "இருபது வருசம் நாங்கள்தானே இருந்தோம்" என்பார்கள். பத்து ஆண்டு தொடர்ந்து இருந்ததால் வரும் ஆட்சி உரிமை கூட்டுப் பங்காளிக்கு எதிராக இலகுவில் ஓடாது. மற்றவரை வெளிப்படையாக மறுத்து விலக்கியதைக் காட்ட வேண்டும். அக்காலத்தில் மேல்முறையீடு போன லண்டன் பிரிவிக் கவுன்சில் 1911இல் சொன்னது இன்றும் நிற்கிறது. மகனிடமிருந்து உறுதி வாங்குங்கள், வேறு குறுக்கு வழியில்லை.

பதிவேட்டுப் பக்கத்தில் லிஸ் பென்டன்ஸ் (வழக்கு நடக்கிறது என்ற பதிவு) கண்டால் எந்த வழக்கு என்று பாருங்கள். பிரிவிடல் வழக்கானால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்கு முடியும்வரை விரும்பிச் செய்யும் கைமாற்றத்தைச் செல்லாதது ஆக்குகிறது. விலையைக் குறைத்துக்கொண்டு வாங்கிவிடலாம் என்ற தரகர் யோசனை இங்கே பலிக்காது.

நன்கொடை உறுதியில் பெற்றோரின் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) இருந்தால் அவர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு அதை விட வேண்டும். நன்கொடை முறையாக ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். மீளப்பெற முடியாத நன்கொடையைக் கொடிய நன்றிகெட்ட செயலுக்காக இரத்துச் செய்யும் நடைமுறைக்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குடும்பத்துக்குள் சண்டை என்று காதில் விழுந்தால் தாய் தகப்பனை நேரில் சந்தியுங்கள்.

காணி அரசின் பிம்சவிய உரித்துப் பதிவுத் திட்டத்தில் பதியப்பட்டிருந்தால் இந்தத் தேடுதல் முறையே பொருந்தாது. அங்கே உரித்துச் சான்றிதழ்தான் ஆதாரம். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் படிவத்தில்தான் கைமாற்றம். முதலாம் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதையும் பாருங்கள். இரண்டாம் வகுப்பு முழு உரிமை அல்ல.

6. படமும் தரையும்

உறுதியில் உள்ள பேர்ச்சையும் (காணிப் பரப்பின் அலகு) படத்தில் உள்ள பேர்ச்சையும் ஒப்பிடுங்கள். பழைய உறுதியில் 10.25 பேர்ச், புதிய படத்தில் 9.80 என்றால், குறைந்தது வீதிக்குப் போனதா பக்கத்து மதிலுக்குள் போனதா? நில அளவையாளரிடம் பழைய படத்தைப் புதியதின் மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து மதிலுக்குள் போனது என்றால் நீங்கள் வாங்குவது ஒரு வழக்கை.

கொழும்பில் உள்ளொழுங்கைக் காணிகளுக்கு பாதை உரிமை தனித் துண்டாக, இரண்டாம் அட்டவணையில் இருக்கும். தட்டச்சில் அந்த அட்டவணை விடுபட்டுப்போவதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். வாகனம் போகும் வழி உறுதியில் இல்லாவிட்டால் வங்கி கடன் தராது.

பிறகு போய்ப் பாருங்கள். மின்கட்டணப் பட்டியல் யார் பெயரில்? மேல்மாடியில் யார்? பின்பக்க அறையில் இருக்கும் வயதான மாமி யார்? 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ள பழைய வாடகைக்காரர் என்றால், உறுதி கைமாறினாலும் அவர் அசையமாட்டார். "எழுப்பித் தருவேன்" என்று விற்பவர் சொல்வதை எழுத வேண்டாம். எழும்பிய பிறகு கையெழுத்து என்று எழுதுங்கள்.

7. மாநகர சபையும் தொடர்மாடியும்

வீதி எல்லைச் சான்றிதழ் எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். வீதி அகலமாக்கத்துக்கு எவ்வளவு போகும் என்று அதில்தான் தெரியும். எட்டுப் பேர்ச்சில் ஒன்றரை போனால் மிச்சத்தில் கட்டுவதற்கு அனுமதி கிடைக்குமா என்பதே கேள்வியாகிவிடும். அனுமதி பெற்றது இரண்டு மாடிக்கு, நிற்பது மூன்று மாடி என்றால் அதை வாங்குபவருக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

தொடர்மாடி வீட்டில் முதற் கேள்வி ஒன்றே: வீடுகளைத் தனித்தனிச் சொத்தாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதனப் படம் பதியப்பட்டுவிட்டதா? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் அது பதியப்படும்வரை அந்த வீடு தனிச் சொத்தாகப் பிறக்கவில்லை. கட்டுநரோடு செய்த உடன்படிக்கைதான் கையில் இருக்கும். வெள்ளவத்தையில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தும் உறுதி இல்லாத குடும்பங்கள் இப்படித்தான் உருவாகின்றன. படம் இருந்தால் அதில் வாகனத் தரிப்பிடம் வீட்டோடு சேர்த்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தை நடத்தும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்குங்கள்.

8. முற்பணம்

மேலே உள்ளவை முடியுமுன் பெரிய முற்பணம் வேண்டாம். கட்டாயம் என்றால் சிறு தொகை. அதுவும் உரித்துச் சரியில்லாவிட்டால் திரும்பத் தரப்படும் என்ற நிபந்தனையோடு.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகளைத் தடுத்தல் கட்டளைச் சட்டம் காணி விற்பனைக்கான உடன்படிக்கையையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு செய்யக் கோருகிறது. முத்திரை ஒட்டிய துண்டுக் கடதாசியில் "முற்பணம் பெற்றேன்" என்று எழுதியதை வைத்து விற்கும்படி வற்புறுத்த முடியாது. உடன்படிக்கையை முறையாக எழுதிப் பதிவும் செய்யுங்கள். பதிந்தால் அடுத்து வருபவரின் தேடுதலில் அது தெரியும்.

9. விலையும் வேடமிட்ட கடனும்

முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இரண்டரைக் கோடி வீட்டுக்கு 3,000 ரூபாவும் 996,000 ரூபாவும் சேர்ந்து 999,000 ரூபா. இந்தத் தொகையைக் கேட்டதும் "விலையைக் குறைச்சுப் போடுவம்" என்ற பேச்சு வரும்.

மறுத்துவிடுங்கள். கைமாறிய தொகையை, உறுதியின் முடிவில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியில் எழுதுவது நீங்கள். பின்னர் உரித்துத் தவறி வாங்குபவர் நட்டம் கேட்டால் உறுதியில் உள்ள தொகைதான் பேசும். விலை உண்மைப் பெறுமதியில் பாதிக்கும் கீழே என்றால் விற்பவரே உறுதியை உடைக்க வரலாம். அவர் தரப்பில் மூலதன ஆதாய வரியும் இருக்கிறது. அதற்கான விவரத்திரட்டை ஒரு மாதத்துக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

இன்னொரு வகை விற்பனையை நான் தொடுவதே இல்லை. ஐந்து கோடி வீடு எண்பது இலட்சத்துக்கு "விற்கப்படும்". விற்பவர் அதே வீட்டில் இருப்பார், வரியும் அவரே கட்டுவார், ஓராண்டில் திரும்ப எழுதித் தருவதாக வாய்ப்பேச்சு. இது கடன். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவில், சூழ்நிலையைப் பார்த்து, வாங்கியவர் விற்றவருக்காகவே வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் சொல்லலாம். சாட்சிக்கூண்டில் ஏறி "அன்று என்ன பேசினார்கள்" என்று சொல்ல வேண்டியவர் நொத்தாரிசுதான். கடன் என்றால் ஈட்டு உறுதி எழுதுங்கள்.

10. கையெழுத்து நாள்

விற்பவரின் ஈடு ஒரு வங்கியில், வாங்குபவரின் கடன் இன்னொரு வங்கியில் என்றால் ஒரே மேசையில் இந்த வரிசை: மீதிக் கடன் எவ்வளவு என்ற வங்கிக் கடிதம் அன்றைய திகதிக்கு, அந்தத் தொகைக்கு வங்கிக் கட்டளை முதல் வங்கிக்கு, ஈடு விடுவிப்பு உறுதி, அறுதி (விற்பனை) உறுதி, மீதிப் பணம் விற்பவருக்கு, புதிய ஈட்டு உறுதி. பதிவும் இதே வரிசையில் ஒப்படைக்கப்பட வேண்டும். "பணத்தைத் தாங்கோ, நான் போய் ஈட்டை மீட்டு வாறன்" என்பவரிடம் பணம் போனால் அது எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

கையெழுத்திடுபவரும் இரண்டு சாட்சிகளும் நீங்களும் ஒரே நேரத்தில், ஒரே அறையில். சாட்சிகளில் ஒருவர் தேநீர் வாங்கப் போயிருந்தால் காத்திருங்கள். உறுதியை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவது என்ற பேச்சே வேண்டாம். நோயாளி என்றால் நீங்கள் சாட்சிகளோடு போங்கள்.

உறுதியை வாசித்து, கையெழுத்திடுபவருக்கு விளங்கும் மொழியில் விளக்குங்கள். ஆங்கில உறுதிக்குத் தலையாட்டும் மூதாட்டியிடம் "என்ன கையெழுத்துப் போடுறீங்கள் அம்மா?" என்று கேளுங்கள். பதிலில் "மகனுக்குக் கடன் எடுக்க" என்று வந்தால் பேனாவை மூடுங்கள். இடது பெருவிரல் அடையாளமும் எடுத்துவைப்பேன். கையெழுத்தை மறுப்பவர் விரலை மறுப்பது கடினம்.

அடித்தல், திருத்தல், இடைச்செருகல் ஒவ்வொன்றையும் அத்தாட்சியில் பக்க, வரி எண்ணோடு குறிப்பிடுங்கள். பணம் உங்கள் முன் கைமாறாவிட்டால் கைமாறவில்லை என்றே எழுதுங்கள்.

11. பதிவும் அதற்குப் பிறகும்

அன்றே, முடியாவிட்டால் மறுநாள் காலை, பதிவுக்கு ஒப்படையுங்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்களைப் பதிவுசெய்தல் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத உறுதி பின்னர் விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதிக்குத் தோற்கலாம். ஒரு வாரம் மேசையில் கிடந்த உறுதிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதிந்தால் மட்டும் போதாது, சரியான பக்கத்தில் பதிய வேண்டும். தவறான பக்கத்தில் ஏறியது முறையான பதிவாகக் கணக்கிடப்படாது. அதனால் முந்திய தொகுதி, பக்க எண்ணை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்.

இரண்டாம் பிரதியை மாதாந்தப் பட்டியலோடு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். பிந்தினால் தண்டம், அதோடு பெயர்க் கெடுதி. மூலப் பிரதி வாங்குபவரிடமோ கடன் தந்த வங்கியிடமோ போகும். உங்களிடம் தங்கும் பிரதியான முன்மூலத்தை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்; கொழும்பு மழையில் கரையான் அரித்த முன்மூலங்களை நான் கண்டிருக்கிறேன்.

மாநகர சபையில் வரிப் பெயர் மாற்றத்தை வாங்குபவரிடம் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். ஆறு வாரம் கழித்துப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, கட்சிக்காரரின் பெயர் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பிரதியைத் தேடுதல் குறிப்புகள், அடையாள அட்டைப் பிரதிகள், பணம் வந்த வங்கிக் கூற்று, முதல் நாள் எழுதிய ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றோடு கோப்பில் கோர்த்துக் கட்டி வையுங்கள்.